நேரமும் ஒரு காணிக்கையே

(காப்பார் ஆலயத் திருவிழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் இறைவன் திருமுன் நாம் எத்தனையோ காணிக்கைகளைக் கொண்டுவருகிறோம். பால்குடம் ஏந்துகிறோம், மலர்மாலை சாத்துகிறோம், அன்னதானத்திற்கு அரிசி மூட்டைகளை மனமுவந்து அளிக்கிறோம். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டால் தயங்குகிறோம். அதுதான் நேரம். "பணம் வேண்டுமானால் தருகிறேன், நேரந்தான் இல்லை" என்பது நம்மிடையே பழகிப்போன விடையாகிவிட்டது.

திருவள்ளுவர் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; காலமறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். வாழ்நாள் குறுகியது என்பதை அறிந்தால் மட்டும் போதாது. எதனை எப்போது செய்வது என்பதையும் அறிய வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்த ஒருவர் நம் மலாயா மண்ணில் வாழ்ந்திருக்கிறார்.

1887ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்னும் இளம் மருத்துவர் 1913இல் கப்பலேறி இந்நாட்டிற்கு வந்தார். சிரம்பான் அருகே ரப்பர் தோட்ட மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகளும், பின்னர் ஜொகூர் பாருவில் சுமார் மூன்றாண்டுகளும் பணியாற்றினார். நல்ல வருவாய் இருந்தது. பெயரும் புகழும் இருந்தன. ஆயினும், உடல் நோயைத் தீர்ப்பதோடு தம் வாழ்நாள் முடிந்துவிடலாமா என்ற வினா அவர் உள்ளத்தை அரித்தது. "ஓய்வு பெற்ற பின் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் காத்திருக்கவில்லை. 1923இல், ஏறக்குறைய 36 வயதில், மலாயாவை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார்.

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறவியான பிறகும் அவர் மருத்துவத்தைத் துறக்கவில்லை. 1927இல் இலட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கி, நோயுற்ற சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் சேவை செய்தார். கைத்திறன் அதேதான், அதை யாருக்குக் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்பதே மாறியது. 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1963இல் மகாசமாதி அடையும்வரை இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றினார்.

இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கும் அதே 24 மணி நேரந்தான். தம் அன்பர்களுக்கு அவர் ஆன்மிக நாட்குறிப்பு ஒன்றை வகுத்துக் கொடுத்தார். இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் உறங்கினாய், எவ்வளவு நேரம் ஜெபம் செய்தாய், எவ்வளவு நேரம் பயன் கருதாத தொண்டு செய்தாய், வீண் பேச்சில் எவ்வளவு கழித்தாய் என்னும் போக்கில் அதன் வினாக்கள் அமைந்திருக்கும். மளிகைக் கடைக்காரர் வரவு செலவு எழுதுவது போல, நாளுக்கும் கணக்கு எழுதச் சொன்னார்.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். உறக்கத்திற்கு 56 போகட்டும். தொழிலுக்கும், கிள்ளான் சாலை நெரிசலுக்கும் சேர்த்து 60 போகட்டும். உணவு, குளியல், வீட்டு வேலை ஆகியவற்றிற்கு 20 போகட்டும். அப்போதும் 32 மணி நேரம் எஞ்சுகிறது! அது எங்கே போகிறது?

இதைச் சொல்லும் தகுதி எனக்குத் தவறு செய்ததனால் வந்தது. நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, இப்பகுதித் தோட்டம் ஒன்றின் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் வரும்படி பெரியவர் ஒருவர் அழைத்தார். நேரமில்லை என்றேன். மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அதே விடை. உண்மையில் அந்த மாலை வேளைகளை நான் தொலைக்காட்சி முன்னே கழித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பின் வரலாம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஓய்வு பெற்றேன், நேரம் நிறைய வந்தது. போய்ப் பார்த்தால் தோட்டம் இல்லை. நிலம் கைமாறி, வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்குச் சிதறிவிட்டார்கள். அன்று பாட வேண்டிய பிள்ளைகள் இன்று நடுத்தர வயதினர். என்னை அழைத்த பெரியவரும் மறைந்துவிட்டார். என்னிடம் இருந்த நேரத்தைப் பெற்றுக்கொள்ள அங்கே எவரும் இல்லை.

அன்றுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கியது. நம் வாழ்நாள் மட்டும் குறுகியதன்று. நம் நேரத்திற்காகக் காத்திருப்பவர்களின் காலமும் குறுகியதே. பிள்ளை பிள்ளையாக இருப்பது சில ஆண்டுகளே. முதிய தாய் திண்ணையில் நமக்காகக் காத்திருப்பதும் சில ஆண்டுகளே. சேமித்து வைத்துப் பிறகு கொடுப்பதற்கு நேரம் என்ன வங்கிப் பணமா?

ஆகவே, எல்லாரும் சிவானந்தரைப் போலத் துறவு பூண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் ஆலயத்திற்கே வந்துவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. வீட்டில் நோயுற்ற தந்தை இருந்தால், அவர் அருகில் அமர்வதே உங்கள் வழிபாடு. யாருடைய காலம் விரைவில் கடந்துவிடுமோ, அவருக்கு முதலில் கொடுங்கள். இதுவே என் வேண்டுகோள்.

அதன் பின்னும் வாரத்தில் ஒரு மணி நேரம் மிஞ்சுமானால், நம் ஆலயத்தின் சமய வகுப்பு ஆசிரியர்களுக்காகக் காத்திருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் நான் அங்கே இருக்கிறேன், காலந்தாழ்த்தி வந்தவனாக. நீங்கள் காலத்தோடு வாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதைப் பயனுள்ளதாக்கும் நல்லறிவையும் அருள்வானாக!