“இல்லை என்பதற்கு இங்கிலீஷில் என்ன, டீச்சர்?”

(ஆரம்பாக்கத்தில், மாலை வகுப்பு எடுக்க முன்வந்த இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பழவேற்காடு ஏரியோரக் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவள் நான். நாளையிலிருந்து நீங்களும் எடுக்கப் போகிறீர்கள். அதனால் நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளி திறந்த முதல் வாரம் ஒரு பையனை வாசிக்கச் சொன்னேன். ‘சி, ஏ, டி’ என்று எழுத்துகளைச் சரியாகச் சொன்னான். “சேர்த்துப் படி” என்றேன். விழித்தான். “அஞ்சு வருஷமா என்னடா படிச்சே?” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் தவறு அவனுடையது அல்ல. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ‘ம, ர, ம்’ என்று சொன்னால் மரம் வந்துவிடும். ‘சி, ஏ, டி’யை எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘கேட்’ வராது. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதை அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது சொல்லாமலே பிடிபடும். அந்த வீட்டு வசதிக்குத்தான் நாம் ‘அறிவு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பிறப்பால் வந்ததைத் தகுதி என்று சொல்லும் கதை நமக்குப் புதிதா என்ன?

ஆகவே தோழர்களே, முதல் சில வாரம் பாடப்புத்தகத்துக்கு ஓடாதீர்கள். ஒலியிலிருந்து தொடங்குங்கள். ‘நெட்’, ‘மட்’, ‘கிராப்’, ‘ஃபிஷ்’ எல்லாம் சின்னச் சொற்கள். வலையும் சேறும் நண்டும் மீனும் இந்தப் பிள்ளைகள் தினம் பார்ப்பவை. பொருள் தெரிந்ததாக இருந்தால் ஒலியில் மட்டும் கவனம் வைக்கலாம்.

இன்னொன்று. தமிழில் ‘பல்’லுக்கும் ‘பல்பு’க்கும் ஒரே ‘ப’தான். ஆங்கிலத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழ் மட்டும் படித்த பிள்ளை எழுதும்போது இங்கே தடுமாறும். ஆனால் நம் ஊர் ஆந்திர எல்லை. பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். தெலுங்கில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. “வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், இதில் இங்கிலீஷ் எங்கே ஏறும்?” என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்தப் பிள்ளைகளையே எழுப்பி இந்த வேறுபாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். குறை என்று நாம் நினைத்ததைக் கொண்டு அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

தப்பாகப் பேசினால் நடுவில் நிறுத்தாதீர்கள். பேசி முடிக்கட்டும். பிறகு அதே வாக்கியத்தைச் சரியாக நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், போதும். மதிப்பெண் பார்த்து உட்கார வைக்காதீர்கள். தெருவாரியாக உட்காரவும் விடாதீர்கள். நன்றாக வாசிக்கிறவரையும் தடுமாறுகிறவரையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் ‘ஐ ஹேவ்’ என்று தொடங்கி வாக்கியம் சொல்லச் சொன்னேன். ‘ஐ ஹேவ் எ நெட்’, ‘ஐ ஹேவ் எ போட்’ என்று வரிசையாக வந்தது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, “இல்லை என்பதற்கு இங்கிலீஷில் என்ன, டீச்சர்?” என்றாள். சொல்லிக்கொடுத்தேன். அவள் சொன்னாள்: ‘வி ஹேவ் நோ பாடு.’

வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று குலுக்கல் போட்டுப் பிரிக்கும் பழைய முறைக்குப் பாடு என்று பெயர். அந்த உரிமை சில ஊர்களின் குறிப்பிட்ட சாதிக்குள், ஆண்வழியாக வருவது. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதில் பங்கில்லை. அந்த மாணவி அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை.

“பாடுக்கு இங்கிலீஷில் என்ன?” என்று இன்னொருவன் கேட்டான். பாடுதான். இந்த ஏரியைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு எழுதுகிறவர்களும் அப்படியே ‘பாடு’ என்றுதான் எழுதுகிறார்கள். ‘ஹூ ஹேஸ் பாடு? ஹூ ஹேஸ் நோ பாடு?’ அன்றைய பாடம் அதுவாகிப் போனது.

மறுநாள் ஒரு பெற்றோர் வந்தார். “இங்கிலீஷ் சொல்லித்தரச் சொன்னா, ஊர் வழக்கத்தைப் பேசுறீங்களாமே?” என்றார். கேள்வி கேட்கும் வாக்கியம்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. உங்களிடமும் வருவார்கள். தயாராக இருங்கள்.

நமக்கு ஆங்கிலம் எதற்கு? 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோருக்காக அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்து வாதாடியவர், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரான இரட்டைமலை சீனிவாசன். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அண்ணல் ஆங்கிலத்தில் எழுதிய உரையைக் கண்டு ஏற்பாட்டாளர்கள் பயந்து மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் தானே அச்சிட்டு வெளியிட்டார். பெரியாரின் ‘குடிஅரசு’ அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ‘எங்களுக்கு இல்லை’ என்பதை உலகம் கேட்கும்படி சொல்ல அவர்களுக்கு ஆங்கிலம் உதவியது. அதைத் தன் மக்களிடம் கொண்டுபோகத் தமிழ் வேண்டியிருந்தது. இரண்டும் நமக்கு வேண்டும்.

அதற்காக ஆங்கிலத்தை இன்னொரு சமஸ்கிருதமாக்கிவிடாதீர்கள். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்பதும், உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதும் தீண்டாமையின் வேறு வடிவங்கள். நானே அந்தப் பையனிடம் அதைத்தான் செய்தேன்.

பிறகு அவனிடம் வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். சிரித்தவர்களுக்கு முன்னால்தானே கேட்க வேண்டும்? அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ‘கிராப்’ என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். இப்போது மெதுவாக வாசிக்கிறான், நிறுத்தாமல் வாசிக்கிறான்.

நாளை உங்கள் முன்னால் அப்படி ஒரு பிள்ளை நிச்சயம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்.