எல்லையைத் தாண்டாத ஜீவனாம்சம்



1956 நவம்பர் 1 வரை களியக்காவிளையும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. இன்றைக்கும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் கொத்தனார்களும் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் கேரளத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். கல்யாண உறவுகளும் அங்கேயும் இங்கேயுமாக இருக்கின்றன. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போன தகப்பனிடமிருந்து ஜீவனாம்சத்தை வாங்குவது மட்டும் பெரும்பாடாக இருக்கிறது.

என் ஆய்வுக்காக எல்லையோர ஊர்களில் பெண்களிடம் பேசி வருகிறேன். அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு அக்கா நீதிமன்ற உத்தரவை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். "பேப்பர் கையில இருக்கு மக்களே. ஆளு எங்க கிடக்கான்னு நான்தான் தேடிச் சொல்லணுமாம்" என்றார். தேடப் போகிற ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி இல்லாத நாள்.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகியிருக்கிறது. மனைவி தான் வாழும் ஊரிலேயே மனுப் போடலாம். கணவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், அங்குள்ள மாஜிஸ்திரேட் அந்த உத்தரவை நிறைவேற்றலாம். ஆக, சட்டத்துக்கு மாநில எல்லை தடையே இல்லை.

பிறகு எங்கே சிக்குகிறது? இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த நோட்டீஸைக் கொண்டுசேர்ப்பதுதான் பெரிய வேலை. மாதத்துக்கொரு ஊரில் கான்கிரீட் போடுகிறவருக்கு நிலையான விலாசம் ஏது? உத்தரவு வந்த பிறகும் பாக்கித் தொகைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போடாவிட்டால், அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. ஒளிந்து திரிகிறவருக்குக் காலம் துணை நிற்கிறது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். சாதி மறுப்புத் திருமணம் முறியும்போது ஆண் வீட்டார் முதலில் சொல்வது "அந்தக் கல்யாணமே செல்லாது" என்பதுதான். சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது அண்ணா அரசு 1967இல் நிறைவேற்றிய 7அ பிரிவு. அது தமிழ்நாட்டுக்கான திருத்தம். எல்லைக்கு அப்பால் இதையே ஒரு வாதமாக்குகிறார்கள். ஆனால் குழந்தையின் ஜீவனாம்சத்துக்குத் திருமணம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியே வேண்டாம். மணமில்லாமல் பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. தகப்பன் யார் என்பதுதான் கேள்வி.

அடுத்து ஊர்ப் பஞ்சாயத்து. ஒரு தொகையைக் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கேட்கமாட்டேன்" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பெண் தலித்தாக இருந்தால் அந்தத் தொகை இன்னும் குறைகிறது. தாய் எழுதிக்கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போய்விடாது. இதை அந்தப் பஞ்சாயத்தில் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் உத்தரவை இன்னொரு மாநிலம் நிறைவேற்ற ஒரே மாதிரியான சட்டமும், அதற்கென்றே அரசு முகமைகளும் இருக்கின்றன. சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஆனால் அங்கே கட்ட வழியில்லாத ஏழைக் கறுப்பினத் தகப்பன்மார்கள் சிறைக்குப் போவதும் நடக்கிறது. நமக்கு அது முன்மாதிரி ஆகாது. ஜெர்மனியில் 1980 முதல் வேறொரு ஏற்பாடு உண்டு. தகப்பன் தராவிட்டால் அரசு குழந்தைக்கு முன்பணம் தருகிறது, பிறகு அவரிடம் வசூலிக்கிறது. அலைகிற வேலை தாயின் தலையில் விழுவதில்லை.

நாம் கேட்க வேண்டியது இதுதான். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து ஒரு ஜீவனாம்ச வசூல் பிரிவை அமைக்க வேண்டும். நோட்டீஸைச் சேர்ப்பதும் ஆளைக் கண்டுபிடிப்பதும் அதன் பொறுப்பாக இருக்க வேண்டும். பணம் வரும்வரை பிள்ளைக்கு அரசு முன்பணம் தர வேண்டும். கட்டட, தோட்டத் தொழிலாளர்களைச் சிறையில் அடைப்பது இதற்குத் தீர்வு அல்ல. ஒரு மாதம் உள்ளே இருந்தாலும் கடன் தீராது, பிள்ளைக்குச் சோறும் வராது.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்க 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்கிறது. உதவி எண் 15100. சாதி மறுப்புத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நாம் முந்திக்கொண்டு ஓடுகிறோம். அந்தத் திருமணம் உடைந்தால், அந்தப் பெண்ணோடு எல்லை தாண்டி நீதிமன்றத்துக்குப் போகவும் நம்மில் ஒருவர் இருக்க வேண்டும் தோழர்களே. அதுவும் சாதி ஒழிப்பு வேலைதான்.