கடைமடைக்கும் எட்ட வேண்டும் கல்வி

(கல்வி வளர்ச்சி நாளையொட்டித் தஞ்சை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியொன்றில் நடைபெற்ற கற்றல் வாரத்தின் நிறைவு நாளன்று, ஆசிரியர்கள் சார்பில் ஊர்ப் பொதுமக்களிடையே நிகழ்த்திய உரை)



குறுவை நடவு மும்முரமாக நடைபெறும் இந்நாளில், வயலிலிருந்து கரையேறிக் கால் கழுவிக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். இந்த ஒரு மணி நேரத்தின் அருமையை நாங்கள் அறிவோம். ஆதலின், சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பெருந்தலைவர் காமராசர் பிறந்த ஜூலை 15-ஆம் நாளை, 2006-ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடி வருகிறோம். அன்று படத்துக்கு மாலையிட்டு, இருவரைப் பேசச் செய்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கி விழாவை முடித்துவிடுவது எளிது. இவ்வாண்டு அதனை ஐந்து நாள் கற்றல் வாரமாக விரித்தோம். நம் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு கற்றிருக்கின்றனர் என்பதை ஊரார் தம் கண்ணாலும் காதாலும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

தண்ணீரும் பள்ளியும்

நம் காவிரிப் படுகையில் தண்ணீரும் பள்ளிக்கூடமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் திறக்கப்படுகின்றன. மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் விடும் மரபான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து அது முன்பின்னாவதும் உண்டு. 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. எந்நாளில் திறந்தாலும் உழவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா?"

கல்லணையில் தண்ணீர் நுரைத்துப் பாய்வதைப் பார்த்துப் பாசனம் சிறந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. பேராவூரணிப் பக்கத்து வயலிலும் திருக்குவளைப் பக்கத்து வயலிலும் நாற்றின் வேர் நனைந்த பிறகே அவ்வாறு சொல்கிறோம். தலைமடை நிரம்புவது இயல்பு. கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதே நிர்வாகத்தின் திறம்.

பள்ளிக்கும் அளவுகோல் இதுவே ஆகும். முதல் வரிசையில் அமர்ந்து மணிமணியாய் ஒப்புவிக்கும் பிள்ளை தலைமடை வயலைப் போன்றவன். அவன் வீட்டில் படித்தவர் இருப்பர், புத்தகம் இருக்கும், நடவு நாளிலும் அவன் பள்ளிக்கு வருவான். கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் பிள்ளையே கடைமடை. அவனுக்கு எழுத்து எட்டியதா என்பதே பள்ளியின் வெற்றியை அளக்கும் கோல்.

இதில் எங்கள் தவற்றையும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். மேலதிகாரிகள் வரும்போதும், விழா நடக்கும்போதும், நன்றாகப் படிப்பவரையே நாங்கள் முன்னிறுத்தி வந்தோம். கேட்டவர்கள் மகிழ்ந்தனர், நாங்களும் பெருமை கொண்டோம். பின்வரிசைப் பிள்ளை கை தட்டும் வேலையோடு நின்றுபோனான். இவ்வாரம் அந்த வழக்கத்தை மாற்றினோம்.

ஐந்து நாளில் நடந்தது

முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி வாசிக்கக் கேட்டோம். 2022-23 கல்வியாண்டில் தொடக்க வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" என்னும் திட்டம் வந்ததை நீங்கள் அறிவீர்கள். எட்டு வயது நிரம்புவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. அந்த நீண்ட இடைவெளியில் பிள்ளைகள் இழந்ததை மீட்கவே இத்திட்டம் எழுந்தது. வகுப்பு எதுவாயினும், பிள்ளை நிற்கும் படியைக் கண்டு அங்கிருந்து கற்பிக்கும் முறை அது. அரும்பு, மொட்டு, மலர் என்று அப்படிகளுக்குப் பெயர். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்தும் அரும்பு நிலையைக் கடவாத பிள்ளைகள் இருந்தனர் என்பதை முதல் நாளே கண்டோம். அதை மறைப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

இரண்டாம் நாளைக் கணக்குக்கு ஒதுக்கினோம். கரும்பலகையில் எழுதிய கணக்குக்கு விழித்த பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துச் சென்றோம். கொள்முதல் நிலையத்து மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ. பதினேழு மூட்டைக்கு எவ்வளவு? பத்து மூட்டைக்கு 400, ஏழு மூட்டைக்கு 280, ஆக 680 கிலோ என்று விரல் மடக்கிச் சொன்னாள் ஒரு சிறுமி. பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறியவள் அவளே! கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று பெரியவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஐந்து கலம் ஏழு மரக்கால் என்பது 67 மரக்கால் என்று மற்றொருவன் விடை கூறினான். மூன்று மா நிலம் ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்பதை நான்காம் வகுப்பார் கயிறு பிடித்து அளந்தே கண்டனர். பிள்ளைகளுக்கு அறிவுக் குறைவில்லை. பாடத்துக்கும் அவர்கள் வாழ்வுக்கும் இடையே மதகு அடைபட்டிருந்தது, அவ்வளவே.

மூன்றாம் நாள் கல்வி வளர்ச்சி நாள். அன்று பிள்ளைகள் கதை சொன்னார்கள், பாடினார்கள், களிமண்ணில் ஏரும் மாடும் செய்தார்கள். பரிசு முதல்வனுக்கு மட்டும் என்றில்லாமல், முதல் நாளைவிட ஒரு படி ஏறிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பலகையில் எழுதப்பட்டது.

நான்காம் நாளாகிய ஜூலை 16 நமக்குத் துயர நாள். 2004-ஆம் ஆண்டு இதே நாளில், நம் மாவட்டத்துக் கும்பகோணத்தில், பள்ளியொன்றின் சமையற் கூரையில் பற்றிய தீ வகுப்பறைக் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிஞ்சு உயிர்களைக் கொண்டுபோயிற்று. குறுகிய வழியும் கீற்றுக் கூரையும் அன்று எமனாயின. அவர்களை நினைத்து மௌனமாக நின்றோம். பின்னர்ப் பிள்ளைகளை வரிசையாக வெளியேறப் பழக்கினோம். சமையற்கூடம், மின்கம்பி, கதவு, கிணற்று மூடி, வாசலை ஒட்டியோடும் வாய்க்காலின் தடுப்புச் சுவர் ஆகியவற்றைப் பெற்றோரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தோம். உயிரோடு வீடு திரும்புவது எல்லாக் கல்விக்கும் முந்தியது அன்றோ?

ஐந்தாம் நாளாகிய இன்று, சற்று முன்பு, உங்கள் முன்னிலையில் பிள்ளைகள் வாசித்தார்கள். அவர்களுள் ஒருவனைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறோம். பெயரைச் சொல்லமாட்டோம், பின்தங்கியவன் என்ற பெயர் அவனுக்கு இனி வேண்டாம். திங்களன்று எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தவன் இன்று நான்கு வரி வாசித்தான். மூன்றாம் வரியில் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னான். பக்கத்திலிருந்தவன் எடுத்துக் கொடுக்க வாயெடுத்தான்; இவன் கையமர்த்திவிட்டு, மீண்டும் பார்த்து, தானே திருத்திக்கொண்டான். நடவுச் சேறு உலராத சேலையோடு பின்னால் நின்றிருந்த அவன் தாயார் முகத்தை நாங்கள் பார்த்தோம். பொருள் விளங்காதவனால் தன் பிழையைத் தானே காண இயலாது. அந்தத் திருத்தமே இவ்வாரத்தின் பெருஞ்சாதனை. ஆயினும் ஐந்து நாளில் எவனும் முழுதும் கற்றுவிடுவதில்லை. இன்று எட்டிய தண்ணீர் நாளை வற்றாமல் பார்த்துக்கொள்வதே இனி உள்ள வேலை.

ஊரார் கைகொடுத்த வரலாறு

ஊரார் துணையின்றிப் பள்ளி ஓங்கிய வரலாறு தமிழ்நாட்டில் இல்லை. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் ஆசிரியரை அமர்த்தி ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கல்வியும் உணவும் அளித்து வந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை இம்மண் நெடுநாள் முன்பே அறிந்திருந்தது.

காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-இல் எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. அரசின் பங்கோடு ஊராரின் கொடையும் சேர்ந்தே அந்த அடுப்பு எரிந்தது. 1958 முதல் பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் கூடின. தத்தம் பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரே பட்டியல் எழுதி, நிலமும் கட்டிடமும் பெஞ்சும் கடிகாரமும் சீருடையும் வழங்கினர். வாய்க்கால் தூர்வாரக் குடிமராமத்து என்றால், அவை பள்ளிக்கான குடிமராமத்து எனலாம்.

பின்னர் 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் நம் கடைமடை ஊராகிய திருக்குவளையிலிருந்து மாநிலத்து அரசு தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. விடியற்காலையில் நாற்றுப் பறிக்கச் செல்லும் தாய்க்கு இது எத்துணை ஆறுதல் என்பதை நாங்கள் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நாங்கள் கேட்பவை

இனி உங்களிடம் எங்கள் வேண்டுகோள்களை வைக்கிறோம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை.

முதலாவது, நடவிலும் அறுவடையிலும் பிள்ளையை நிறுத்தாதீர்கள். நம் பள்ளியில் வருகை குறையும் நாட்களைப் பார்த்தால், அவை வயல் வேலை மிகுந்த நாட்களாகவே இருக்கின்றன. வேலைக்குப் போவது பிள்ளையன்று. தாய் வேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுகிறாள். இரண்டு வாரம் நின்றவள் திரும்பி வரும்போது பாடம் அவளை விட்டு வெகுதூரம் போயிருக்கிறது. சிறு குழந்தையை அங்கன்வாடியில் விட்டு, மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். நடவு நாட்களில் தெருவுக்கு ஒரு பாட்டியம்மாள் பொறுப்பேற்றுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விட ஊரார் ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவது, நாள்தோறும் இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "எமக்கே எழுத்துத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். கேட்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, காது போதும். "என்ன படித்தாய், அதன் பொருள் என்ன?" என்று கேட்டாலே பிள்ளை சிந்திக்கத் தொடங்கும். திட்டவும் அடிக்கவும் வேண்டா. அடிபட்ட பிள்ளை புத்தகத்தை வெறுக்கும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்குத் தவறாது வாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இக்குழுவை அமைத்திருக்கிறது. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் தாய்மார்கள் கையெழுத்திட்டுவிட்டுப் பேசாமல் திரும்பினால் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சோறு வெந்திருக்கிறதா, என் மகள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. கேளாதிருந்தால்தான் எங்களுக்குச் சோர்வு வரும்.

நான்காவது, வரும் ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபையில் பள்ளிக்கென ஒரு பொருளைச் சேருங்கள். சாலை, விளக்கு, குடிநீர் ஆகியவற்றோடு, "நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் தங்குதடையின்றி வாசிக்கின்றனர், இன்னும் எத்தனை பேருக்குத் துணை வேண்டும்" என்ற கணக்கும் சபையில் படிக்கப்படட்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டா, எண்ணிக்கை போதும். அந்தக் கணக்கை எழுதிக் கொடுக்க நாங்கள் பொறுப்பேற்கிறோம். எண்ணிக்கை குறைவாயிருந்தால் அதற்கு விடை சொல்லவும் கடமைப்பட்டுள்ளோம்.

அன்பர்களே! வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்போது, "எனக்கு வந்துவிட்டது, இனி யாருக்கு வராவிட்டால் என்ன" என்று மேல்மடைக்காரர் மதகை மறித்தால் ஊர் பொறுப்பதில்லை. கடைசி வயல் நனையும்வரை காவலிருக்கிறோம். அதே ஊர்க்கட்டு பள்ளிக்கும் வரட்டும். தன் பிள்ளை படித்துவிட்டான் என்று எவரும் ஒதுங்க வேண்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கும்வரை நம் வேலை முடியவில்லை என்று கொள்வோமாக.

குறுவை அறுவடையாகும் நாளில், இன்று நான்கு வரி வாசித்தவன் ஒரு பக்கம் வாசிப்பான். அதைக் கேட்க அன்றும் நீங்கள் அனைவரும் இங்கே கூட வேண்டும் என்று அழைத்து அமைகிறோம்.