மின்னூலுக்கு மாதச் சந்தா வேண்டுமா?

(சங்கத்தின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சர்வகலாசாலையில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் எம்மை இம்மேடையில் ஏற்றிப் பேசப் பணித்த சங்கத்தாருக்கு நன்றி கூறுகின்றோம். பெரியோர் நிறைந்த சபையிலே சிறியோர் வாய் திறப்பது துணிவேயாயினும், எடுத்துக்கொண்ட பொருள் எம்மை ஒத்த வாலிபர் நாள்தோறும் கையாளும் பொருளாதலின், குறை பொறுத்துக் கேட்பீர்கள் என்று நம்புகின்றோம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சங்க வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்க ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தை, இம்முறை மின்னூற் சந்தாவுக்குக் கொடுத்தால் என்ன என்று வாலிபர் சிலர் கேட்டனர். அலமாரியிலே நூறு நூல் வைப்பதிலும் கையடக்கத் தொலைபேசியிலே இலட்சம் நூல் கிடைப்பது மேலன்றோ என்பது அவர்கள் வாதம். கையிலே தொட முடியாத புத்தகத்துக்குக் காசு கொடுப்பதா என்று பெரியோர் சிலர் மறுத்தனர். முடிவு எதுவும் எட்டாமலே கூட்டம் கலைந்தது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகவே, விருப்பு வெறுப்பை ஒதுக்கி வைத்துக் கணக்கை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

மின்னூற் சந்தா என்பது யாது? ஒரு மின்னூலை விலை கொடுத்து வாங்குவது ஒன்று. மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி, நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலிலுள்ள நூல்களில் விரும்பியவற்றை வாசிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதே சந்தா. பணம் கட்டும் வரை நூல்கள் திறந்திருக்கும். பணம் நின்றால் அவை மூடிக்கொள்ளும். இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது அமேசான் நிறுவனத்தின் கிண்டில் அன்லிமிடெட். 2014 ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்காவிலே தொடங்கியபோது அதன் மாதக் கட்டணம் 9.99 டொலர். 2023 இல் அது 11.99 டொலராக உயர்ந்தது.

இம்முறை புதிதன்று. 1842 ஆம் ஆண்டளவில் இலண்டன் நகரிலே மூடி என்பவர் ஒரு சந்தா நூல் நிலையத்தை நடத்தத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தினால், ஒரு தடவைக்கு ஒரு பாகமாக ஆண்டு முழுவதும் நூல்களை எடுத்து வாசிக்கலாம். அக்காலத்தில் மூன்று பாகமாக வெளிவந்த ஒரு நாவலின் விலையோ ஒன்றரைக் கினி. ஒரே நாவலை வாங்கும் பணத்திலும் குறைவாகக் கொடுத்து ஆண்டெல்லாம் வாசிக்கலாமென்றால் யார்தான் சந்தா கட்டமாட்டார்? ஆனால் 1890களில் அந்த மூன்று பாக நாவல்கள் வழக்கொழிந்து, மலிவான ஒற்றைப் பாகப் பதிப்புகள் பெருகின. சந்தாவின் பழைய கவர்ச்சி தளர்ந்தது. 1937 இல் அந்நிலையமும் மூடப்பட்டது. இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. சந்தா இலாபமா நட்டமா என்பதைச் சந்தாத் தொகையை மட்டும் பார்த்துத் தீர்மானித்தல் இயலாது. அதே நூலை வேறு வழியிற் பெற எவ்வளவு செலவாகும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி எமது நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களிலே முந்நூற்றைம்பதைத் தாண்டியதை எவரும் மறந்திரார். 2024 இல் அது முந்நூறு ரூபா அளவில் நின்றது. அக்கணக்கின்படி 11.99 டொலர் என்பது ஏறக்குறைய 3,600 ரூபா. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எனவே ஒரு மாதச் சந்தா, மலையிலே கொழுந்து பறிக்கும் எமது தாய் ஒருவரின் ஏறத்தாழ மூன்று நாள் உழைப்பு. ஓராண்டுக்கு 43,000 ரூபாவுக்கு மேல். இது எமது வாசிகசாலைக்கு ஒதுக்கும் தொகையை விஞ்சிவிடும். அன்றியும், இத்தகைய சந்தா பொதுவாகத் தனியாள் ஒருவரின் கணக்குக்கே உரியது. சங்கம் ஒரு சந்தா கட்டி ஐம்பது அங்கத்தவருக்குப் பகிர்ந்தளிக்க நிபந்தனைகள் இடங்கொடா. இச்சேவைகள் எல்லா நாடுகளிலும் ஒரே விதமாகத் திறந்திருப்பதுமில்லை.

பட்டியலில் என்ன இருக்கின்றது என்பது அடுத்த கேள்வி. இலட்சக்கணக்கான நூல்கள் உண்டு என்பது மெய். எனினும் பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களின் நூல்களிற் பெரும்பாலானவை கிண்டில் அன்லிமிடெட் பட்டியலிற் சேர்வதில்லை. தமிழைப் பொறுத்தவரை, 2016 ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவிலே தமிழ் மின்னூல்களுக்கும் கிண்டிலில் இடம் கிடைத்தது. அதன் பின் எழுத்தாளர் பலர் பதிப்பகத்தாரின் வாயிலிற் காத்துக் கிடவாமல் தாமே நூல்களை வெளியிட்டு வருகின்றனர். இது பாராட்டத்தக்கதே. குடும்ப நாவல், துப்பறியும் கதை முதலியவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்றாக வாசிப்பவருக்கு இச்சந்தா உண்மையில் மலிவு. ஆனால் மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் போன்ற எம்மண்ணின் எழுத்தாளரையும், சர்வகலாசாலைப் பாடத்துக்கு வேண்டிய நூல்களையும் நாடுவோர், பெயரை ஒவ்வொன்றாகப் பட்டியலிலே தேடிப் பார்த்த பின்பே பணப்பையைத் திறத்தல் வேண்டும். இலட்சம் நூல் இருந்தும் நமக்கு வேண்டிய நூல் இல்லையேல் அந்த இலட்சத்தால் ஆவதென்ன?

இவ்விடத்தில் எமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமற் போவது நேர்மையாகாது. நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே, செலவிட்ட ஒவ்வொரு சதத்தையும் கொப்பியில் எழுதும் பழக்கத்தை எமக்கு ஊட்டினார்கள். அப்பழக்கமே பின்னர் எம்மை நாணச் செய்தது. முதல் மாதம் இலவசம் என்ற விளம்பரத்தைக் கண்டு நாம் ஒரு சேவையிற் சேர்ந்தோம். அடுத்த மாதத்திலிருந்து மூவாயிரம் ரூபா வீதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருந்தது. பரீட்சை வந்தது; இரண்டு மாதம் ஒரு பக்கமும் புரட்டவில்லை. நிறுத்தவும் மறந்தோம். ஆறு மாதத்தின் பின் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். செலவு 18,000 ரூபா. தொடங்கிய நூல்கள் பதினொன்று. முடித்தவை நான்கு. ஆக, ஒரு நூலுக்கு 4,500 ரூபா கொடுத்திருக்கின்றோம்! நூல் ஒன்று ஆயிரம் ரூபா என்று வைத்தாலும், அப்பணத்துக்குப் பதினெட்டு நூல்கள் இந்த அலமாரியிலே நின்றிருக்கும். பிழை எம்முடையதே. ஆயினும் மறதியையும் சோம்பலையும் நம்பியே இவ்வியாபாரத்தின் ஒரு பகுதி நடக்கின்றது என்பதை வாலிபர்கள் மனத்திற் கொள்ளல் நன்று.

அதனோடு முடியவில்லை. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே உழைத்து ஓய்ந்த எமது பாட்டனாருக்குப் பார்வை மங்கிவிட்டது. அச்சு நூலின் சிற்றெழுத்து அவருக்குத் தெரியாது. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தோம். இரவுதோறும் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வாசித்து வந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் புத்தகம் வாசிப்பதைக் கண்டு வீட்டாரெல்லாம் மகிழ்ந்தோம். செலவுக் கணக்கைக் கண்ட கோபத்தில் நாம் சந்தாவை நிறுத்தினோம். அவர் பாதியில் இருந்தார் என்பதை எண்ணவில்லை. மாதம் முடிந்த மறுநாள் அவர் கேட்டார்: "படிச்சுக்கிட்டு இருந்த பொஸ்தகத்த யாரு தம்பி எடுத்துக்கிட்டுப் போனது?" எமக்கு விடை சொல்ல வாயெழவில்லை.

பின்பு தேடிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கல்கியின் நூல்களைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கின்றது. மதுரைத் திட்டம் என்னும் மின்னூலகத்திலே அந்நாவல் முழுவதும் இலவசமாகவே இருந்தது. இலவசமாக உள்ள நூலுக்கு நாம் மாதம் மூவாயிரம் கட்டியிருக்கின்றோம். அன்றிரவே அதனை இறக்கிக் கொடுத்தோம். இன்று அது அவர் கையில் இருக்கின்றது. எவரும் எடுத்துப் போக முடியாது.

சபையோரே, பாட்டனார் கேட்டது உலகம் கேட்க வேண்டிய கேள்வி. 2009 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரு நூல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால், வாங்கியோரின் கிண்டிற் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆயினும் நூல் போயிற்று. ஒயிஸ்டர் என்னும் சந்தாச் சேவை 2013 இல் தொடங்கி, இரண்டே ஆண்டில் மூடுவதாக அறிவித்தது. 2019 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, விலை கொடுத்து வாங்கிய நூல்களும் திறவாமற் போயின. விலைக்கு வாங்கியதற்கே இந்நிலையென்றால், வாடகைக்கு எடுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

நூலைக் காப்பது எத்தகைய கடமை என்பதை மாத்தளையார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நமது நகருக்கு வடக்கே இரண்டு மைல் தொலைவில் அளுவிகாரை இருக்கின்றது. வாய்மொழியாக வழங்கி வந்த திரிபிடகம், பஞ்சத்தாலும் போராலும் அழிந்துவிடுமோ என்று அஞ்சிய பிக்குகள், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே அதனை ஏட்டில் எழுதி வைத்த இடம் அதுவே என்பது மரபு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. எழுதி வைத்தாலும் போதாது, பல இடங்களிலே பல பிரதிகளாக வைத்தாலன்றி நூல் நிலைக்காது என்பதை அத்தீ நமக்கு உணர்த்திற்று.

ஆகையால் மின்னூல் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நகர நூலகத்துக்கு வர ஒரு நாட்கூலியை இழக்கும் தோட்டத்து இளைஞனுக்கும், பார்வை குன்றிய முதியோர்க்கும் அது பெருந்துணை. எமது வாதம் சந்தாவைப் பற்றியதே. மதுரைத் திட்டம் 1998 ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியாலே தொடங்கியது. சங்க நூல்கள் முதல் இக்கால நூல்கள் வரை அங்கே உண்டு. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் படம்பிடித்துச் சேர்த்து வைத்திருக்கின்றது. மலையக எழுத்துகளும் அங்கே உள. படமாக உள்ள பக்கங்களைச் சிறு தொலைபேசியில் வாசிப்பது சற்றுச் சிரமம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் அவற்றுக்கு மாதக் கட்டணம் இல்லை. இறக்கிய நூல் நம்மிடமே தங்கும்.

எனவே, தனியாகச் சந்தா கட்ட விரும்பும் அங்கத்தவர் தம்மைத் தாமே மூன்று கேள்வி கேட்பாராக. சென்ற மூன்று மாதத்தில் நாம் முடித்த நூல்கள் எத்தனை? அடுத்து வாசிக்க விரும்பும் பத்து நூல்களில் எத்தனை அப்பட்டியலில் உள? அவற்றுள் எத்தனை இலவசமாகவோ நூலகத்திலோ கிடைக்கும்? இவற்றுக்கு விடை கண்ட பின்னும் சந்தாவே இலாபம் என்று தோன்றினால், ஒரு மாதத்துக்கு மட்டும் சேர்க. சேர்ந்த அன்றே நிறுத்த வேண்டிய திகதியைக் கலண்டரில் வட்டமிடுக. வேண்டியவற்றை வாசித்து முடித்து வெளியேறுக. விடுமுறையிலே நிறைய வாசிப்பவர் இவ்வாறு செய்தல் அறிவுடைமையே.

சங்கத்தின் பொதுப் பணத்தைப் பொறுத்தவரை, சந்தா வேண்டாம் என்பதே எமது தாழ்மையான முடிவு. அதற்குப் பதிலாக மூன்று காரியம் செய்யலாம். ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்குக்கு எம்மவர் எழுதிய அச்சு நூல்களை வாங்குவோம். அதனால் எழுத்தாளரும் பயன் பெறுவர். எஞ்சியதில் பழைய தட்டைக் கணினி ஒன்று வாங்கி, இலவச நூல்களை இறக்கி நிரப்பி, எழுத்தைப் பெரிதாக்கி முதியோர்க்கு இரவல் கொடுப்போம். மூன்றாவதாக, எமது சங்கத்தின் ஆண்டு மலர்களை, பெட்டியிலே கரையானுக்கு இரையாக விடாமல், ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து நூலகம் தளத்துக்கு அனுப்புவோம். பெரியோர் வீடுகளில் பழைய பிரதிகள் இருக்கும், தந்துதவ வேண்டுகின்றோம். அவற்றைப் படம்பிடிக்கும் வேலையை வாலிபராகிய நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

புத்தகத்தை யார் எடுத்துப் போனார் என்று இனி எந்தப் பாட்டனாரும் கேளாதிருக்கட்டும்.