தலைக்கு இவ்வளவு

(எமது பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் "பெண்கள் ஆரோக்கியம்" என்று அச்சாகியிருக்கிறது. அதற்காகத்தான் சங்கத்திலுள்ள வைத்தியர்களான எங்களைப் பேச அழைத்தார்கள். தலைவியின் அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொள்கிறோம். இரத்தச்சோகை பற்றி இன்னொரு நாள் பேசலாம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

நூற்றாண்டு மலருக்கு விளம்பரம் சேர்க்கத் தொடங்கிய நாட்களில் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களை அனுப்பும் ஒரு முகவர் நிலையம் எழுதியது. பின் அட்டை முழுவதற்கும் பணம் தருகிறோம், ஆய்வுகூடத்தின் ஒழுகும் கூரையையும் திருத்தித் தருகிறோம் என்றார்கள். பதிலுக்குக் கேட்டவை இரண்டு. உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகளோடு அரைமணி நேரச் சந்திப்பு ஒன்று. அவர்களுடைய பெயர்களும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் அடங்கிய பட்டியல் மற்றது. விடயம் மருத்துவப் படிப்பு என்பதால் செயற்குழு எங்கள் கருத்தைக் கேட்டது. வேண்டாம் என்றோம். இரண்டு கூட்டங்கள் இழுபட்டு, கடைசியில் மறுத்துப் பதில் எழுதினார்கள். கூரை இன்னும் ஒழுகுகிறது. இதில் மனவருத்தம் கொண்ட அக்காமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு நாங்கள் ஒரு விளக்கம் தரவேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். வெளிநாட்டில் மருத்துவம் கற்பது கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சீனாவிலும் ரஷ்யாவிலும் வங்காளதேசத்திலும் கற்றுவந்தவர்களோடு ஒரே வாட்டில் வேலை செய்கிறோம். இரவுக் கடமையில் அவர்களை நம்பி நாங்கள் கண்ணயர்ந்ததுண்டு. அப்படிப் போகவேண்டிய தேவை ஏன் வருகிறது என்பதும் தெரியும். இந்நாட்டில் உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். மருத்துவ பீட இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 மாவட்ட அடிப்படையில். மீதி 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. எமது மாகாணத்தில் நுவரெலியா அந்தப் பதினாறில் உண்டு. எமக்கு வடக்கே எல்லையிலுள்ள அநுராதபுரமும் கிழக்கேயுள்ள பொலன்னறுவையும் உண்டு. மாத்தளை இல்லை. எல்கடுவையிலோ றத்தோட்டையிலோ தோட்டத்து லயத்திலிருந்து பஸ் ஏறி டியூஷனுக்கு வரும் பிள்ளைக்கு இசட் புள்ளி இரண்டாம் தசமத்தில் தவறிப்போவது என்ன வலி என்பது எங்களுக்குப் புதிதல்ல. எமது வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் பதினொரு பேர். மருத்துவ பீடம் போனவர்கள் இருவர். மற்ற ஒன்பது பேரில் எங்களைவிடக் கெட்டிக்காரிகள் இருந்தார்கள்.

ஆகவே போவது பற்றியல்ல, யார் சொல்லிப் போகிறோம் என்பது பற்றித்தான் பேச்சு.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, கிளினிக்கில் அறுபது பேருக்கு மேல் காத்திருந்த வேளை, ஒரு தாய் எங்கள் மேசைக்கு வந்தார். மருந்துக் கொப்பிக்குள்ளிருந்து வழுவழுப்பான ஒரு கையேட்டை எடுத்தார். வெள்ளைக் கோட்டு அணிந்த பிள்ளைகள் சிரிக்கும் படம். "மகளுக்கு ஒரு பீ, ரெண்டு சீ டொக்டர். இந்த இடத்துக்கு அனுப்பலாமா?" மகள் எமது பாடசாலைப் பிள்ளை. நாங்கள் கையேட்டைத் திறக்கவில்லை. "டொக்டருக்குப் படிக்கிறது நல்லதுதானேம்மா, விசாரிச்சுப் பார்த்துச் செய்யுங்க" என்றோம். அவர் விசாரிக்கத்தான் எங்களிடம் வந்திருந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய், டொக்டரே சரி என்று சொல்லிவிட்டார் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். நகையும் லொறியும் அடகுக்குப் போயின.

பெண்ணின் பெயரும் நாடும் வேண்டாம். அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். மூன்றாம் வருடத்தில் கொரோனா வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். ஒன்றரை வருடம் தொலைபேசித் திரையில் சத்திரசிகிச்சை படித்தாள். பிறகு 2022. கட்டணம் ஆண்டுக்கு ஐயாயிரம் டொலர் என்று வையுங்கள். மார்ச் தொடக்கத்தில் அது பத்து லட்சம் ரூபா. மே மாதம் பதினெட்டு லட்சம். பல்கலைக்கழகம் ஒரு சதமும் கூட்டவில்லை; எங்கள் ரூபாதான் விழுந்தது. எப்படியோ முடித்து வந்தாள். வெளிநாட்டுப் பட்டதாரிகள் இங்கு பதிவுபெற மருத்துவ சபையின் தகுதிகாண் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பழையவர்கள் 'அக்ட் சிக்ஸ்ரீன்' என்பார்கள், இப்போது ஈ.ஆர்.பி.எம். இரண்டு தடவை தோற்றி இரண்டு தடவையும் தவறிவிட்டாள். இப்போது மூன்றாம் தடவைக்குப் படிக்கிறாள்.

அவள் மந்தமான பிள்ளையல்ல. எங்கே தவறுகிறாள் என்று நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். புத்தகத்தில் இருப்பது எல்லாம் தெரிகிறது. நோயாளியின் கட்டிலருகே நிற்கத் தெரியவில்லை. விரிவுரைகள் ஆங்கிலத்தில்; நோயாளிகள் பேசியதோ அந்நாட்டு மொழி. பத்துப் பேர் சுற்றி நிற்க, பேராசிரியர் நோயாளியிடம் பேசி மொழிபெயர்த்துச் சொல்வாராம். 2008ஆம் ஆண்டு எலிக்காய்ச்சல் இந்த மாவட்டத்தைப் பிடித்து உலுக்கியபோது எமது தலைமுறை வைத்தியர்கள் இளையவர்கள். வயலிலிருந்து வந்த மனிதர் கெண்டைச்சதையைப் பிடித்துக்கொண்டு "இங்கதான் நோகுது" என்று சொன்ன விதமும், சிவந்த கண்ணும், குறைந்துபோன சிறுநீரும்தான் எங்களுக்குப் பாடம். அது எந்தக் கையேட்டிலும் இல்லை. பனிவிழும் ஊரில் ஆறு வருடம் இருந்தவளுக்கு அந்த நோயாளி கிடைக்கவில்லை. பாம்புக்கடியும் கிடைக்கவில்லை, டெங்கு வாட்டும் கிடைக்கவில்லை.

"அக்கா, ஒருத்தரும் பொய் சொல்லல்ல. முழுசாச் சொல்லல்ல, அவ்வளவுதான்" என்றாள். எங்களையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

முழுவதும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பல நாடுகளில் பல்கலைக்கழகங்களின் வரவுசெலவு வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில்தான் நிமிர்ந்து நிற்கிறது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா எல்லாம் அப்படித்தான். ஒரு மாணவியைச் சேர்த்துக்கொடுத்தால் முகவருக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்திடமிருந்து வரும். அது சட்டவிரோதமல்ல. ஆலோசனை இலவசம் என்று விளம்பரத்தில் போடுவதும் உண்மைதான். பணம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் "நீ போகாமல் இருப்பது நல்லது மகள்" என்று சொன்னால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதும் எம்போன்ற நாடுகளில் ஆள் திரட்டினார்கள். அவர்களுக்கும் ஒரு நோக்கம் இருந்தது, அது அரசியல். ஆனால் செலவை அவர்கள் ஏற்றார்கள். இன்று திரட்டப்படுகிறவளே செலவையும் கொடுக்கிறாள்.

தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு மாத்தளைக்குப் புதிதா? எம்மில் பலருடைய பூட்டன் பூட்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து வந்து சேர்ந்த ஊர் இது. கூட்டிவந்தவர் கங்காணி. அவருக்குத் தலைக்காசு. கையில் கொடுத்த முன்பணம் ஆளின் பேரில் கடனாக எழுதப்பட்டது. கடனைக் கட்டினால்தான் தோட்டம் மாறலாம் என்பதற்கு ஒரு துண்டு இருந்தது. 1921இல்தான் அந்தத் துண்டுமுறை ஒழிந்தது. தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற கதையை எங்கள் வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முகவரும் கங்காணியும் ஒன்று என்று சொன்னால் அது நியாயமில்லை. எவரும் இன்று கட்டிக் கூட்டிப்போவதில்லை. நல்ல முகவர்களும் உண்டு. ஆனால் கங்காணியும் அந்நியரல்ல. ஊர்க்காரர், சொந்தக்காரர், அதனால்தான் நம்பினார்கள். இந்தக் கடிதம் கேட்டதும் அந்த நம்பிக்கையைத்தான். பாடசாலை மண்டபத்தில், எமது சங்கத்தின் பதாகையின் கீழ், அதிபர் பக்கத்தில் அமர்ந்திருக்க ஒருவர் பேசினால் அந்தத் தாய் வேறு யாரிடம் போய் விசாரிப்பார்?

வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெறவேண்டும். வீட்டுப் பணிக்குப் போகும் பெண்ணுக்கு முறையிட ஒரு கதவாவது உண்டு. படிக்க அனுப்புகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை.

இது எமக்கு மட்டும் நேர்வதுமல்ல. இந்தியாவில் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் பல ஆண்டுகளாக நால்வரில் ஒருவர், ஐவரில் ஒருவர் அளவே தேறிவருகிறார்கள். 2022இல் உக்ரேனிலிருந்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் மீட்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் மருத்துவ மாணவர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2020 பெப்ரவரியில் வூஹானிலிருந்து எமது மாணவர்கள் 33 பேரை விமானத்தில் கொண்டுவந்து தியத்தலாவையில் தனிமைப்படுத்தி வைத்தது நினைவிருக்கும். யுத்தத்தையும் தொற்றையும் எந்த முகவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாதுதான். ஆனால் பரீட்சையைச் சொல்லலாம். பரீட்சைக்குப் பிறகு உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க நேரலாம் என்பதைச் சொல்லலாம்.

சரி, மறுத்துவிட்டு நாங்கள் என்ன செய்தோம்? இதுதான் அக்காமாரின் கேள்வி, நியாயமான கேள்வி. இதுவரை எதுவும் செய்யவில்லை. பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆளில்லாத இடத்தில்தான் முகவர் வந்து நின்றார். எமது சங்கம் நூறு வருடத்தில் குடிநீர்த் தாங்கி கட்டியிருக்கிறது, பியானோ வாங்கியிருக்கிறது, வருடாவருடம் பரிசளித்திருக்கிறது. பெறுபேறு வந்த மறுநாள் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையோடு உட்கார்ந்ததில்லை.

இனி உயர்தரப் பெறுபேறு வெளியானதும் தொடர்ந்து ஆறு சனிக்கிழமைகள் பாடசாலை நூலகத்தில் நாங்கள் இருப்போம். வைத்தியர்கள் மட்டுமல்ல, வங்கியில் வேலைசெய்யும் இருவர், ஒரு சட்டத்தரணி, வெளிநாட்டில் கற்றுத் தேறிய ஒரு தங்கை, சொன்னேனே அந்தப் பெண்ணும் வருகிறாள். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. கையேட்டையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவாருங்கள். அந்தப் பல்கலைக்கழகம் மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் இன்றைய திகதியில் இருக்கிறதா, உங்கள் பெறுபேறு சபை கேட்கும் குறைந்தபட்சத்தைத் தொடுகிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்ப்போம். அங்கு கற்று இப்பரீட்சையில் தேறிய இருவரின் தொலைபேசி இலக்கத்தை முகவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். தேறாத இருவரை நாங்கள் தேடித் தருகிறோம். டொலர் ஐம்பது வீதம் ஏறினால் வீடு தாங்குமா என்று வங்கி அக்கா கணக்குப் போடுவார்.

மருத்துவ பீடம் இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்று நினைக்கும் பிள்ளைகளும் வாருங்கள். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தாதியியல் பட்டமும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவப் பட்டம் உண்டு. மருத்துவம் தவிர்ந்த துறைகளுக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவிக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். விண்ணப்பம் நிரப்பவும் உதவுவோம்.

பின் அட்டையை எமது வகுப்பினர் பொறுப்பேற்றுக்கொண்டோம். அதில் அந்த ஆறு சனிக்கிழமைகளும் நூலகத் தொலைபேசி இலக்கமும் மட்டும் அச்சாகும். கூரைக்கு இன்று வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். தகரம் பதினெட்டுத் தேவை என்று மேசன் சொல்கிறார், நேற்று மாலை வரை ஏழுக்குப் பணம் சேர்ந்திருந்தது.