சிறு பொருளின் பெருந்தொண்டு

உணவைப் பற்றிப் பேசுவோர் சோறு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் அளவையே பெரிதும் எண்ணுகின்றனர். நானோ, நாளொன்றுக்கு ஒரு கிராமின் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நமக்கு வேண்டப்படும் செலினியம் என்னும் தாதுப் பொருளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நல்லெண்ணெயில் லினோலியிக் அமிலம் மிகுதியாக உள்ளது. அக்கொழுப்பு அமிலத்திலிருந்து உடல் அராக்கிடானிக் அமிலத்தை ஆக்கிக்கொள்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் அதனைப் புரோஸ்டாசைக்ளின் என்னும் பொருளாக மாற்றுகிறது. 1976ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இப்பொருள் குழாயை விரியச் செய்யும். இரத்தத் தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் காக்கும்.

ஆயின், இவ்வகைக் கொழுப்பு அமிலங்களுக்கு ஒரு குறையுண்டு. காற்றுப்பட்டு நாட்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே உடலினுள்ளும் அவை ஆக்ஸிஜனோடு கூடிப் பெராக்ஸைடுகளாகத் திரியும். பெராக்ஸைடுகள் மிகுந்தால் புரோஸ்டாசைக்ளின் ஆக்கம் தடைப்படும். அவற்றைத் தீங்கற்றவையாக மாற்றும் பணியைக் குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸ் என்னும் என்ஸைம் செய்கிறது. அதன் செயலுக்கு நடுநாயகமாக விளங்குவது செலினியமே என்பது 1973இல் தெளிவாயிற்று.

இத்தாது குறைந்தால் நேர்வது யாது? சீன நாட்டின் கேஷான் வட்டத்தில் 1935இல் இதயத் தசையை நலியச் செய்யும் நோயொன்று அறியப்பட்டது. அந்நோய் பரவிய இடங்களின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. சிச்சுவான் மாநிலத்தில் 1974இல் ஒரு சோதனை நடத்தினர். செலினிய உப்புப் பெற்ற 4,510 குழந்தைகளுள் 10 பேரே நோயுற்றனர். பெறாத 3,985 குழந்தைகளுள் 54 பேர் நோயுற்றனர். அணுவளவுப் பொருள் எத்தனை குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்தது பாருங்கள்!

இதைக் கேட்டதும் மாத்திரைக் கடையை நாடிவிடலாகாது. என் வயதினர் பலர் இதயத்தைக் காக்கும் என்று நம்பி அவ்வாறே செய்கின்றனர். அமெரிக்காவில் 35,000க்கு மேற்பட்ட ஆடவரிடம் நடந்த ஆய்வு 2008இல் நிறுத்தப்பட்டது. செலினிய மாத்திரை அவர்களது இதய நோயைக் குறைக்கவில்லை. குறையிருந்தவர்க்கு அமுதமானது, நிறைவுடையவர்க்குப் பயன்படவில்லை. அளவு மீறினாலோ தலைமயிர் உதிரும், நகங்கள் கெடும். பஞ்சாப் மாநிலத்தின் சில பகுதிகளில் மண்ணிலேயே இத்தாது மிகுந்திருப்பதால் கால்நடைகளும் துன்புற்றதுண்டு.

ஆதலின் மீன், முட்டை, தீட்டாத தானியம், பருப்பு முதலியவற்றைக் கலந்துண்போம். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.