அவளிடமே கேளுங்கள்

(பார்வையற்ற பெண்களின் தொழில் உரிமை பற்றிக் கல்முனையில் நடந்த கூட்டத்தில், எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

நாங்கள் மலையிலிருந்து வந்திருக்கிறோம். எங்களுக்குக் கொழுந்து, உங்களுக்கு வலையும் வயலும் தறியும். ஆனால் தொழில் கேட்டு வரும் பார்வையற்ற பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்தக் கரையோரத்துத் தங்கச்சி ஒருவர் எங்களிடம் வந்தார். உயர்தரம் சித்தியடைந்தவர். தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறார். அங்கே கேட்ட கேள்வியெல்லாம் அவருடைய உம்மாவிடம்தான். "மகள் தனிய பஸ்ஸில வருவாவா?" "படி ஏறுவாவா?" ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டுக் கோபப்பட்ட நாங்கள் செய்தது என்ன? நாங்களும் உம்மாவைப் பார்த்துத்தான், "மகள் என்ன படித்திருக்கிறார்?" என்று கேட்டோம். தங்கச்சி உடனே சொன்னார்: "எனக்குக் கண்தான் தெரியாது, கதைக்க ஏலும். என்னட்டயே கேளுங்க." எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று அவர்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

தோழர்களே, இது இரக்கம் கேட்கும் விடயமல்ல. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், தொழிலுக்கு ஆள் எடுக்கும்போது பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கும் முன்பே, 1988 இல், தகுதியுள்ள அங்கவீனமுற்றோருக்கு அரச துறைத் தொழில்களில் 3 வீதம் ஒதுக்கும்படி சுற்றறிக்கை வந்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை மேசையில் எடுத்து வைக்க நாங்கள்தான் போகவேண்டும்.

சென்னையில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள் பெனோ செபைன். பிறவியிலேயே பார்வையில்லை. அம்மா வாசித்துக் காட்டக் கேட்டும், எழுத்தை ஒலியாக்கும் கணினி மென்பொருளைக் கொண்டும் படித்தார். வங்கி அதிகாரியாக வேலை செய்துகொண்டே பரீட்சை எழுதி, 2015 இல் இந்திய வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். முழுவதும் பார்வையற்ற ஒருவர் அந்தச் சேவைக்குள் போனது அதுவே முதல் தடவை.

மகாராஷ்டிரத்துப் பிரஞ்ஜல் பாட்டீல் 2016 இல் அதே பரீட்சையில் 773 ஆவது இடம் பெற்றார். ரயில்வே கணக்குச் சேவையோ, பார்வை அறவே இல்லை என்று காரணம் காட்டி அவரை ஏற்க மறுத்தது. அவர் அதைப் பகிரங்கமாகத் தட்டிக் கேட்டார். மறுபடி எழுதி 124 ஆவது இடத்துக்கு வந்தார். 2019 இல் திருவனந்தபுரத்தில் சார் ஆட்சியராகப் பொறுப்பேற்றார். கண் அன்றும் இன்றும் அதே கண்தான். மாறியது கதவுதான்.

ஆகவே தங்கச்சிமாரே, நேர்முகப் பரீட்சையில் நீங்களே முதலில் பேசுங்கள். "இந்த வேலையை இப்படிச் செய்வேன், செய்து காட்டவா?" என்று கேளுங்கள். கணினித் திரையை வாசிக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம்; அதை உருவாக்கியவர்களும் பார்வையற்ற இருவர்தான். பழகி வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். திகதியையும் சொன்ன வார்த்தையையும் அன்றே பதிந்து வையுங்கள். அரச காரியாலயம் என்றால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். கல்முனையிலேயே அதற்குப் பிராந்தியக் காரியாலயம் உண்டு. தனியாகப் போகப் பயமென்றால் சங்கத்தைக் கூப்பிடுங்கள். நாங்கள் பக்கத்தில் நிற்போம். பேசுவது நீங்களாக இருக்கவேண்டும்.

மலையில் இருக்கும் எங்கள் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் லயன்களிலும் பார்வையில்லாத பிள்ளைகள் அடுப்படியிலேயே வளர்கிறார்கள். பாசத்தால்தான் வைத்திருக்கிறோம். ஆனால் பள்ளிக்கூடம் அனுப்பாத பாசம் அந்தப் பிள்ளையின் நாளைய சம்பளத்தையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரை உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள்.

அந்தத் தங்கச்சிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, தன் பெயரிலேயே கடிதம் போட்டிருக்கிறார். பதில் வரும்வரை நாங்கள் விடப்போவதில்லை.